கழுத்துக்குள் சில மில்லிமீட்டர்

வலது கையை முன்னால் நீட்டுங்கள். உள்ளங்கை தரையைப் பார்த்திருக்கட்டும். விரல்களை இறுக மூடுங்கள், முழுக்க விரியுங்கள், மறுபடி மூடுங்கள். முடிந்த வேகத்தில் 10 நொடிகள் இதையே செய்யுங்கள். நலமாக இருப்பவர் 20 தடவையாவது மூடித் திறந்துவிடுவார். கழுத்துக்குள் தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருப்பவரால் அந்த எண்ணிக்கையை எட்ட முடியாது. விரல்களை விரிக்கப் பார்க்கும்போது அவருடைய மணிக்கட்டு தானாகக் கீழே மடியும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மற்ற விரல்களோடு சேராமல் விலகி நிற்கும். ஜப்பானிய எலும்பு மருத்துவர் கெய்ரோ ஓனோவும் அவருடைய குழுவினரும் 1987-ல் இதை விவரித்து, 'மைலோபதி கை' என்று பெயர் வைத்தார்கள். மைலோபதி என்றால் தண்டுவடம் பழுதாவது. கையில் எந்தக் கோளாறும் இல்லை. மூளையிலிருந்து கைக்கு உத்தரவு வரும் வழியில்தான் கோளாறு.

இந்த நோய் பெரும்பாலும் சத்தமில்லாமல் வருகிறது. கழுத்து வலித்தால் யாரும் மருத்துவரிடம் ஓடுவார்கள். இங்கே பலருக்குக் கழுத்தில் வலியே இருப்பதில்லை. சட்டைப் பட்டன் போட நேரமாகிறது. சாவி பூட்டுத் துவாரத்தில் நுழைய மறுக்கிறது. கையெழுத்து கோணலாகிறது. சோற்றைப் பிசைந்து எடுத்தால் பாதி விரலிடுக்கில் வழிகிறது. நடக்கும்போது கால் விறைத்துப் பின்னுகிறது, இருட்டில் தடுமாற்றம் கூடுகிறது, செருப்பு நழுவிப்போனது நாலடி தள்ளிப்போன பிறகே தெரிகிறது. நோயாளி இதையெல்லாம் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறார். மருத்துவரும் சில நேரம் சர்க்கரை நோயின் கணக்கில் எழுதுகிறார். அல்லது மணிக்கட்டில் நரம்பு அழுத்தம் என்று சொல்லி அங்கே சிகிச்சை தொடங்குகிறார். முதல் அறிகுறிக்கும் நோய் இன்னதென்று உறுதியாவதற்கும் இடையில் சராசரியாக 2 ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிடுகிறது என்று 2013-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

கழுத்துத் தண்டுவடத்தை விடுவிக்க அறுவை மருத்துவர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக முயன்றுவருகிறார்கள். அவர்களுடைய வரலாற்றை மூன்று கேள்விகளில் அடக்கிவிடலாம். நசுக்குவது எது? அதை எந்தப் பக்கமாகப் போய் அகற்றுவது? எப்போது போவது? முதல் இரண்டுக்கும் ஏறக்குறைய விடை கிடைத்துவிட்டது. மூன்றாவதுதான் இன்னும் நோயாளியின் கதியைத் தீர்மானிக்கிறது.

இடம் எவ்வளவு?

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள். ஒவ்வொன்றின் முன்பகுதியும் தடித்த எலும்புக்கட்டை. பின்பகுதி வளைந்த மெல்லிய தகடு. இரண்டுக்கும் நடுவே உள்ள துவாரங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்து ஒரு குழாயாகின்றன. மூளையின் அடியிலிருந்து இடுப்புக்குச் சற்று மேல்வரை சுமார் 45 செ.மீ. நீளத்துக்கு இறங்கும் தண்டுவடம், தன் பயணத்தின் தொடக்கத்திலேயே இந்தக் குழாய்க்குள் நுழைகிறது. கைகால்களுக்குப் போகும் உத்தரவுகளும் உடம்பிலிருந்து மேலே வரும் உணர்வுகளும் சிறுநீர், மலத்தைக் கட்டுப்படுத்தும் செய்திகளும் இந்த வழியாகவே போகவர வேண்டும்.

கழுத்தின் நடுப்பகுதியில் குழாயின் முன்பின் அளவு சராசரியாக 17 மி.மீ. தண்டுவடத்தின் முன்பின் அளவு சுமார் 8 மி.மீ. மீதியில் உறைகளும் மூளைத்தண்டுவடத் திரவமும் கொழுப்பும் தசைநார்களும் பங்கு கேட்கின்றன. குழாய் 13 மி.மீ.க்குக் கீழே போனால் குறுகல் என்பார்கள், 10 மி.மீ.க்குக் கீழே போனால் தண்டுவடத்துக்கு ஒதுங்க இடமே இல்லை. சிலர் பிறக்கும்போதே குறுகலான குழாயோடு பிறக்கிறார்கள். இளவயதில் அது தெரிவதில்லை. வயதின் தேய்மானம் அதன்மேல் வந்து சேரும்போதுதான் தெரியவருகிறது.

தேய்மானம் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்கில் தொடங்குகிறது. நம் ஊரில் ஜவ்வு என்று சொல்கிறோமே, அதுதான். நீர்ச்சத்து வற்றி அதன் உயரம் குறைகிறது. விளிம்பு பின்னால் பிதுங்குகிறது. பாரம் எலும்பின் ஓரங்களில் ஏற, அங்கே முகடுகளாக எலும்பு வளர்கிறது. டிஸ்க்கின் உயரம் குறைந்ததால் பின்பக்கத் தகடுகளை இணைக்கும் மஞ்சள் தசைநார் தளர்ந்து மடிந்து, பின்னாலிருந்து உள்ளே தள்ளுகிறது. முன்னால் முகடு, பின்னால் மடிப்பு, இரண்டுக்கும் இடையில் தண்டுவடம்.

ஸ்கேன் படம் அசையாதது. கழுத்து அப்படி இல்லை. அண்ணாந்து பார்க்கும்போது மஞ்சள் தசைநார் மேலும் மடிந்து குழாய் சுருங்குகிறது. குனியும்போது தண்டுவடம் முன்பக்க முகட்டின் மேல் இழுபட்டு உராய்கிறது. இந்த அசைவு வாழ்நாள் முழுதும் நடக்கிறது. அழுத்தம் தண்டுவடத்தின் சிறு ரத்தக் குழாய்களையும் நெரிக்கிறது. நரம்பு இழைகளுக்கு உறை போடும் செல்கள் ரத்தக் குறைவைத் தாங்கமாட்டாமல் மடிகின்றன. உறை போன இழையில் செய்தி தாமதமாகிறது. இழையே போனால் செய்தி நின்றுவிடுகிறது. தண்டுவடத்தில் இறந்த நரம்பு செல் மறுபடி முளைப்பதில்லை. இந்தச் சிகிச்சையைப் பற்றிய எல்லா முடிவுகளும் கடைசியில் இந்த ஒரு உண்மையில்தான் வந்து முட்டுகின்றன.

டிஸ்க் தேய்மானம் மட்டுமே காரணம் என்பதும் இல்லை. எலும்புக்கட்டைகளின் பின்புறத்தை ஒட்டி மேலிருந்து கீழே ஓடும் தசைநார் சிலருக்கு எலும்பாகவே மாறிவிடுகிறது. ஜப்பானில் வளர்ந்தவர்களில் 2 முதல் 4 சதவீதம் பேருக்கு இது காணப்படுகிறது. அந்நாட்டு அரசு 1975-ல் இதற்கென்றே ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. இந்தியாவிலும் இது அரிதல்ல. குடிநீரில் ஃபுளூரைடு மிகுந்த பகுதிகளில் இன்னொரு காரணமும் உண்டு: ஆண்டுக்கணக்கில் உடம்பில் சேரும் ஃபுளூரைடு எலும்பைத் தடிக்கவைத்து, தசைநார்களையும் எலும்பாக்கி, தண்டுவடக் குழாயை அடைத்துவிடும். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோய் பரவியிருந்ததை 1937-ல் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் முதன்முதலாக விரிவாகப் பதிவுசெய்தார்கள்.

கட்டியென்று நினைத்தது

முதுகெலும்பைத் திறந்து தண்டுவடத்தை விடுவிக்க முடியும் என்று உலகுக்குக் காட்டியவர் லண்டனின் விக்டர் ஹார்ஸ்லி. நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ், நோயாளி ஒருவரைப் பரிசோதித்தே தண்டுவடத்தை அழுத்தும் கட்டி எங்கே இருக்கிறது என்று கணித்துச் சொன்னார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படாத காலம் அது. 1887-ல் ஹார்ஸ்லி அந்தக் கட்டியை முதுகிலிருந்து அகற்றினார்; நடக்க முடியாதிருந்த நோயாளி பிறகு நடந்தார். 1892-ல் அவர் இன்னொரு நோயாளியின் கழுத்தைத் திறந்தார். அங்கே கட்டி இல்லை. குறுக்கே நீண்டிருந்த ஓர் எலும்பு முகடுதான் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. பின்பக்கத் தகட்டை எடுத்ததும் நோயாளி தேறினார். கழுத்துத் தேய்மானத்துக்குச் செய்யப்பட்டதாகப் பதிவான ஆரம்ப அறுவை சிகிச்சைகளில் ஒன்று இது. ஆனால், தான் பார்த்தது எவ்வளவு பரவலான நோய் என்பது அவருக்கும் தெரியவில்லை, அவருக்குப் பின் வந்த ஒரு தலைமுறைக்கும் தெரியவில்லை.

1920-களில் நியூயார்க்கின் சார்லஸ் எல்ஸ்பர்க்கும் பைரன் ஸ்டூக்கியும் தண்டுவடத்தை முன்னாலிருந்து அழுத்தும் குருத்தெலும்புத் திரட்சிகளை விவரித்தார்கள். அவை புற்றல்லாத கட்டிகள் என்பது அவர்களுடைய முடிவு. ஸ்டூக்கி 1928-ல் எழுதிய கட்டுரையில், கழுத்தில் அந்த அழுத்தம் எங்கே விழுந்தால் என்ன அறிகுறி வரும் என்பதை இன்றைக்கும் பொருந்துமளவு துல்லியமாகப் பிரித்திருக்கிறார். திரட்சி என்ன என்பதில் மட்டும் தவறிவிட்டார். பாஸ்டனில் வில்லியம் மிக்ஸ்டரும் ஜோசப் பாரும் 1934-ல் வெளியிட்ட கட்டுரை அந்தத் தவற்றைத் திருத்தியது. கட்டி என்று வெட்டி எடுக்கப்பட்டவற்றில் பல, கிழிந்து பிதுங்கிய டிஸ்க்கின் துண்டுகள்தான் என்று அவர்கள் காட்டினார்கள். அவர்கள் பெயர் இடுப்பு டிஸ்க்கோடுதான் சேர்த்துப் பேசப்படுகிறது. ஆனால் அந்தக் கட்டுரையில் கழுத்து நோயாளிகளும் இருந்தார்கள்.

டிஸ்க் திடீரெனப் பிதுங்குவது வேறு, கழுத்து ஆண்டுக்கணக்கில் தேய்ந்து தண்டுவடத்தை மெல்ல நெரிப்பது வேறு என்ற பிரிவினை 1952-ல் தெளிவாயிற்று. லண்டனில் ரஸ்ஸல் பிரெய்ன், நார்த்ஃபீல்ட், வில்கின்சன் மூவரும் கழுத்துத் தேய்மானத்தின் நரம்பியல் விளைவுகளை விரிவாக எழுதினார்கள். முதுகுத்தண்டு நோயென்றும் நரம்புச் சிதைவு என்றும் சொல்லப்பட்டு, சிகிச்சை இல்லையென்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பலரை அதன்பிறகு மருத்துவர்கள் புதிய கண்ணோடு பார்க்கத் தொடங்கினார்கள்.

பின்வழி, முன்வழி

முதலில் தெரிந்த வழி பின்வழிதான். பிடரியில் கீறி, தசைகளை ஒதுக்கி, பின்பக்கத் தகடுகளை முழுமையாக எடுத்துவிடுவது: லாமினெக்டமி. தண்டுவடத்துக்குப் பின்னால் இடம் கிடைக்கிறது. அது முன்பக்க முகட்டை விட்டுப் பின்னால் நகர்கிறது. ஆனால் இதில் இரண்டு ஆபத்துகள் இருந்தன. ஏற்கனவே இடமின்றி நசுங்கியிருக்கும் குழாய்க்குள், எலும்பைக் கடித்து எடுக்கும் கருவியின் நுனியை நுழைக்க வேண்டியிருந்தது. அந்த நுனியின் கனமே தண்டுவடத்துக்குக் கேடாயிற்று. அடுத்தது பின்னாளில் தெரியவந்தது. தகடுகளும் அவற்றைப் பற்றியிருந்த தசைகளும் போனபின், சில கழுத்துகள் மெல்ல முன்னால் கவிழ்ந்தன. நேராக இருந்த கழுத்து முன்வளைந்தால் தண்டுவடம் மறுபடி முன்பக்க முகட்டின்மேல் போய் இழுபடும். குழந்தைகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

நசுக்கும் பொருள் பெரும்பாலும் முன்னால் இருக்க, ஏன் பின்னால் போக வேண்டும்? பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ராபர்ட் ராபின்சனும் ஜார்ஜ் ஸ்மித்தும் 1955-ல் முன்வழியை அறிவித்தார்கள். ஹவாயின் ஹொனலூலுவில் தனியாகப் பணியாற்றிய ரால்ஃப் கிளவர்ட் 1958-ல் தன் முறையை வெளியிட்டார். கழுத்தின் முன்பக்கம் என்றால் மூச்சுக்குழாய், உணவுக்குழாய், மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்கள், குரலுக்கான நரம்பு எல்லாம் நெருக்கியடித்திருக்கும் இடம். ஆனாலும் இவற்றுக்கிடையே இயற்கையாகவே ஒரு சந்து இருக்கிறது. ரத்தக் குழாய்களின் உறையை ஒரு பக்கமும், மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் மறுபக்கமும் ஒதுக்கினால், பெரிய தசை எதையும் வெட்டாமல் முள்ளெலும்பின் முகப்பை அடைந்துவிடலாம். பின்வழியைவிட இதில் ரத்த இழப்பும் வலியும் குறைவு.

உள்ளே போன பிறகு என்ன செய்வது என்பதில்தான் இரு தரப்பும் பிரிந்தன. ராபின்சனும் ஸ்மித்தும் டிஸ்க்கை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து வெட்டிய ஒரு துண்டை அங்கே வைத்து இரண்டு முள்ளெலும்புகளையும் ஒட்டவைத்தார்கள். பின்பக்க முகடுகளைத் தொடவில்லை. அசைவு நின்றால் அவை நாளடைவில் கரைந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். கிளவர்ட் வட்டமாகத் துளையிட்டு, தண்டுவட உறை கண்ணுக்குத் தெரியும்வரை போய், முகடுகளையும் நேரடியாக எடுத்தார். இன்றைய அறுவை சிகிச்சை இரு தரப்பிடமிருந்தும் எடுத்துக்கொண்டிருக்கிறது. எலும்பைச் செதுக்கிப் பொருத்துவதில் ஸ்மித்–ராபின்சன் முறை. முகடுகளை அகற்றியே தீர வேண்டும் என்பதில் கிளவர்ட்டின் பிடிவாதம்.

இன்று நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுழலும் துரப்பணத்தால் முகட்டைக் காகிதக் கனத்துக்குச் செதுக்கி, மிச்சமிருக்கும் ஓட்டைச் சிறு கொக்கியால் பெயர்க்கிறார்கள். துரப்பணத்தின் சூடு தண்டுவடத்தைச் சேராதிருக்க உப்பு நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். டிஸ்க் இருந்த இடத்தில் டைட்டானியம் அல்லது பீக் எனும் பிளாஸ்டிக்கால் ஆன சிறு கூண்டு. அதன்மேல் 1980-களில் புழக்கத்துக்கு வந்த தட்டும் திருகாணிகளும். சில நோயாளிகளுக்கு எலும்பை ஒட்டவைக்காமல், அசையும் செயற்கை டிஸ்க்கும் பொருத்தப்படுகிறது. அழுத்தம் டிஸ்க்கின் மட்டத்தோடு நிற்காமல் எலும்புக்கட்டையின் பின்னாலும் இருந்தால், கட்டையின் நடுப்பகுதியையே எடுக்க வேண்டிவரும்.

கதவு திறந்த கதை

முன்வழி ஒன்றிரண்டு மட்டங்களுக்கு அருமையானது. நான்கைந்து மட்டங்களில் தண்டுவடம் நசுங்கியிருந்தால், அத்தனையையும் முன்னாலிருந்து எடுத்து ஒட்டவைப்பது பெரும்பாடு. ஒட்ட வேண்டிய இடம் கூடக்கூட ஒட்டாமல் போகும் வாய்ப்பும் கூடும். எலும்பாக மாறிய தசைநார் உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல்: அந்த எலும்பு தண்டுவட உறையோடு ஒட்டியிருக்கும்; பெயர்த்தால் உறை கிழிந்து திரவம் கசியலாம். இந்த நோய் மிகுந்திருந்த ஜப்பானில் மருத்துவர்கள் பின்வழியையே செம்மைப்படுத்தக் கிளம்பியதற்கு இதுதான் காரணம்.

அவர்களில் ஒருவரான கிரிதா 1968-ல் அதிவேகத் துரப்பணத்தைப் பின்வழிக்குக் கொண்டுவந்தார். தகடுகளை வெளியிலிருந்தே மெலிதாக்கி, எல்லா மட்டங்களையும் ஒரே நேரத்தில் திறந்தார். குழாய்க்குள் கருவியை நுழைக்கும் ஆபத்து அதோடு போயிற்று. தகடுகளை எடுத்தெறியாமல் குழாயை மட்டும் அகலப்படுத்த முடியுமா என்று அடுத்து யோசித்தார்கள். ஓயாமாவும் ஹத்தோரியும் 1973-ல் தகடுகளை இசட் வடிவில் வெட்டி விரித்தார்கள். வேலை நுட்பமானது, நேரம் பிடித்தது. டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கியோஷி ஹிராபயாஷி 1977-ல் அதை எளிமையாக்கினார்.

அவர் முறை இதுதான். தகடுகளின் ஒரு ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை முழு ஆழத்துக்கு வெட்ட வேண்டும். எதிர் ஓரத்தில் பாதி ஆழத்துக்கு மட்டும் பள்ளம் தோண்ட வேண்டும். பிறகு வெட்டிய ஓரத்தை மெல்லத் தூக்கினால், பள்ளம் கீலாகி, தகடுகள் வரிசையாகக் கதவு மாதிரி திறக்கும். திறந்த நிலையிலேயே அவற்றை நிறுத்திவிட வேண்டும். ஹிராபயாஷி நூலால் கட்டினார். இப்போது சிறு டைட்டானியத் தகடுகள் பொருத்துகிறார்கள். முறையின் பெயரே 'திறந்த கதவு லாமினோபிளாஸ்டி'. 1982-ல் குரோகாவா வேறு விதமாகச் செய்தார்: பிடரியில் தட்டுப்படும் முள்நீட்சியை நடுவே பிளந்து இருபுறமும் திறந்தார். அது இரட்டைக் கதவு. இரண்டிலும் குழாயின் முன்பின் அளவு 4, 5 மி.மீ. கூடுகிறது. கூரை அதன் இடத்திலேயே இருக்கிறது, கழுத்தின் அசைவும் ஓரளவு மிஞ்சுகிறது.

இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. நசுக்கும் பொருளை இது தொடுவதே இல்லை; தண்டுவடத்துக்குப் பின்னால் இடம் கொடுத்து, அது தானாகப் பின்னால் போகும் என்று நம்புகிறது. கழுத்துக்கு இயல்பான பின்வளைவு இருந்தால் அது போகும். கழுத்து முன்னால் கவிழ்ந்திருந்தால் கதவை எவ்வளவு திறந்தாலும் தண்டுவடம் முகட்டின்மேலேயே கிடக்கும். 2008-ல் ஜப்பானிய மருத்துவர்கள் இதைக் கணிக்க எளிய வழி ஒன்றைத் தந்தார்கள். பக்கவாட்டு எக்ஸ்ரேயில், இரண்டாவது கழுத்தெலும்பு மட்டத்தில் குழாயின் நடுப்புள்ளியையும் ஏழாவது எலும்பு மட்டத்தில் நடுப்புள்ளியையும் ஒரு கோட்டால் இணையுங்கள். எலும்பாகிப்போன தசைநார் அந்தக் கோட்டைத் தாண்டிப் பின்னால் வந்திருந்தால், கதவு திறப்பதால் மட்டும் போதிய பலன் இருக்காது.

முன்வழியா பின்வழியா என்ற வழக்கு அரை நூற்றாண்டாக நடந்தது. முன்னால் நசுக்கினால் முன்னால் போ, கழுத்து கவிழ்ந்திருந்தால் முன்னால் போ, பல மட்டங்கள் என்றால் பின்னால் போ என்ற பொது விதிகள் நிலைத்தன. இரண்டு வழியும் பொருந்தக்கூடிய நோயாளிகளுக்கு எது மேல்? அமெரிக்காவிலும் கனடாவிலும் 163 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2021-ல் வெளியானது. ஓராண்டு கழித்து உடல் செயல்பாட்டில் இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிக்கல்கள் முன்வழியில் 48 சதவீதம் பேருக்கும் பின்வழியில் 24 சதவீதம் பேருக்கும் வந்தன. முன்வழியின் கணக்கைக் கூட்டியது பெரும்பாலும் விழுங்குவதில் சிரமம். அதேநேரம் புதிய நரம்புக் கோளாறு பின்வழியிலேயே கூடுதலாக இருந்தது. வழி எதுவானாலும் தண்டுவடத்துக்குக் கிடைக்க வேண்டியது இடம். அது கிடைத்துவிட்டால் வழியின் வித்தியாசம் சுருங்கிவிடுகிறது.

அறுவை அரங்கில்

கத்தி படுவதற்கு முன்பே ஆபத்து தொடங்குகிறது. மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழாயில் குழல் செருகுவதற்காக வழக்கமாகத் தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். குறுகிய குழாயுள்ள கழுத்தை அப்படிச் சாய்த்தால் தண்டுவடம் அந்த நொடியிலேயே நசுங்கலாம். ஆகவே வளையும் ஒளியிழைக் கருவி கொண்டோ வீடியோ கருவி கொண்டோ கழுத்தை அசைக்காமல் குழலைச் செருகுகிறார்கள். அறுவை முழுக்க ரத்த அழுத்தம் தாழாமல் பார்த்துக்கொள்வது மயக்க மருத்துவரின் முதல் வேலை. நெரிபட்ட தண்டுவடத்துக்கு ரத்தம் ஏற்கனவே மட்டாகத்தான் போகிறது. அழுத்தம் இறங்கினால் அதுவும் நிற்கும். மண்டையில் சிறு மின்தூண்டல் கொடுத்துக் கைகால் தசைகளில் அது வந்துசேர்கிறதா என்று தொடர்ந்து கண்காணிக்கும் வசதி பல மருத்துவமனைகளில் வந்துவிட்டது. வரும் அலை சிறுத்தால் அறுவை மருத்துவர் கையை நிறுத்திக் காரணம் தேடுவார்.

எல்லாம் சரியாக நடந்தும் சுமார் 20 பேரில் ஒருவருக்கு அறுவைக்குப் பிறகு தோளைத் தூக்க முடியாமல் போகிறது. ஐந்தாவது கழுத்து நரம்பின் வேலை அது. முன்வழியிலும் வரும், பின்வழியிலும் வரும். தண்டுவடம் பின்னால் நகரும்போது குட்டையான அந்த நரம்பு இழுபடுகிறது என்பது விளக்கங்களில் ஒன்று. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் திரும்பிவிடுகிறது. முன்வழியில் சில நாளோ சில வாரமோ விழுங்கச் சிரமமும் குரல் கரகரப்பும் இருக்கலாம். பின்வழியில் பிடரி வலி நீடிக்கலாம்.

எப்போது?

மூன்றாவது கேள்விக்கு வருவோம். சிகிச்சையின்றி விட்டுவைத்தால் இந்த நோய் என்ன செய்யும்? 1956-ல் கிளார்க்கும் ராபின்சனும் (இவர் வேறு ராபின்சன்) 120 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்தார்கள். நான்கில் மூன்று பேருக்கு நோய் படிப்படியாக இறங்கியது: சில மாதம் அல்லது சில ஆண்டு அப்படியே நிற்கும், பிறகு ஒரு சறுக்கல், மறுபடி நிற்கும். ஐந்தில் ஒருவருக்கு நிறுத்தமே இல்லாமல் மெல்ல இறங்கியது. மிச்சமிருந்தவர்களுக்குத் திடீரென்று வந்து பிறகு நெடுநாள் நின்றது. நிற்கும் காலம்தான் ஏமாற்றுகிறது. நோயாளி குணமாகிறது என்று நினைக்கிறார். அடுத்த சறுக்கலில் இழந்தது திரும்புவதில்லை. இடையில் கீழே விழுந்தோ வண்டி விபத்திலோ கழுத்து வெடுக்கென்று பின்னால் மடிந்தால், எலும்பு முறியாமலே கைகள் இரண்டும் செயலிழக்கலாம்.

அதற்காக ஸ்கேனில் அழுத்தம் தெரிகிற எல்லோரையும் அறுவை மேசைக்கு அனுப்ப முடியாது. எந்தத் தொந்தரவும் இல்லாத 60 வயதைத் தாண்டியவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஜப்பானிய ஆய்வில், 80 சதவீதத்துக்கும் மேலானோரின் கழுத்து டிஸ்க்குகள் தேய்ந்திருந்தன. படம் மட்டும் பார்த்து முடிவெடுப்பது தவறு. நோயாளியைப் பரிசோதிக்க வேண்டும். நடுவிரல் நகத்தைச் சுண்டினால் கட்டைவிரல் தானாக மடிகிறதா? உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேல்நோக்கி எழுகிறதா? குனிந்தால் முதுகில் மின்சாரம் இறங்குவதுபோல் இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கான விடையும் ஸ்கேனில் தெரியும் அழுத்தமும் பொருந்தினால்தான் நோய் உறுதி.

நோயின் அளவைச் சொல்ல ஜப்பானிய எலும்பியல் சங்கம் 1975-ல் 17 மதிப்பெண் கொண்ட அளவுகோலை உருவாக்கியது. சாப்ஸ்டிக் பிடித்து உண்ண முடிகிறதா என்பது அதில் ஒரு கேள்வி. சாப்ஸ்டிக் பிடிக்காத நாடுகளுக்காக 1991-ல் பென்செல் அதைக் கரண்டிக்கும் சட்டைப் பட்டனுக்கும் மாற்றி 18 மதிப்பெண்ணாக்கினார். 15 முதல் 17 வரை லேசானது, 12 முதல் 14 வரை நடுத்தரம், 11-ம் அதற்குக் கீழும் கடுமையானது. 2017-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைத்தது. லேசானவர்களுக்கு அறுவை செய்யலாம், அல்லது கண்காணிப்போடு பயிற்சி சிகிச்சை தரலாம். நிலை இறங்கினால் அறுவைக்குப் போக வேண்டும். லேசானவர்கள் விஷயத்தில் இந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. செக் நாட்டில் 60-க்கும் மேற்பட்டவர்களை அறுவை பெற்றவர், பெறாதவர் எனப் பிரித்துப் பத்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எண்ணிக்கை சிறியது என்பதால் அதை இறுதித் தீர்ப்பாகவும் கொள்ள முடியாது.

அறுவைக்குப் பின் எவ்வளவு திரும்பும்? பெரும்பாலோருக்கு ஏதேனும் முன்னேற்றம் கிடைக்கிறது. அதில் பெரும்பங்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் வந்துவிடும். இளவயது, குறைந்த கால நோய், லேசான நிலை ஆகிய மூன்றும் உள்ளவர் அதிகம் பெறுகிறார். சக்கர நாற்காலிக்கு வந்தபின் அறுவை செய்துகொண்டவர் இழந்ததில் சிறுபங்கையே பெறுகிறார்; மேலும் இறங்காமல் நிற்பதே அவருக்கு லாபம். விடுவித்த தண்டுவடத்தின் நரம்பு செல்களை மருந்தால் காக்க முடியுமா என்றும் பார்த்தார்கள். ரிலுசோல் மாத்திரையை அறுவையோடு சேர்த்து ஏறத்தாழ 300 பேரிடம் சோதித்த ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது: வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட ஆறு மாதத்தில் அவர்கள் கூடுதலாகத் தேறவில்லை.

ஆக, செத்த செல்லுக்கு மருந்து இன்னும் இல்லை. சாகாத செல்லுக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது. கருவிகளும் வழிகளும் இவ்வளவு செம்மைப்பட்ட பிறகு, ஒரு நோயாளி எவ்வளவு தேறுவார் என்பதை அரங்கில் நடப்பதைவிட அரங்குக்கு வருவதற்கு முன் கழிந்த மாதங்களே அதிகம் தீர்மானிக்கின்றன. அந்த மாதங்களைக் குறைக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. கை மந்தமும் நடைத் தடுமாற்றமும் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தால், முதலில் பார்க்கும் மருத்துவர் ஒரு சிறு சுத்தியலை எடுத்து அனிச்சைச் செயல்களைச் சோதித்து, கழுத்துக்கு ஓர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தால் போதும்.